முன்னே விவரக்கூற்று, பின்னே செய்நிரல்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சமயமும் இலக்கியமும் பேசப்பெறும் இம்மேடையில் கணனியைப் பற்றி, அதிலும் கண்ணாற் காணவியலாத கணனிச் சாதனங்களைப் பற்றிப் பேச முற்படுவது பொருந்துமோ என்று பெரியோர் சிலர் ஐயுறல் கூடும். அவ்வையம் நியாயமானதே. ஆயினும் எமது இளைஞருட் பலர் இன்று செய்நிரல் எழுதும் தொழிலாலேயே சீவனஞ் செய்கின்றனர். மேலும் பலர் அத்தொழிலைக் கற்று வருகின்றனர். அவர்களுக்கு நாள்தோறும் எதிர்ப்படும் ஒரு வினாவையே இன்று எடுத்துக்கொள்கின்றோம். "முதலிற் செய்து காட்டுவோம், எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்னும் வழக்கம் நன்றா? அன்றி, "இன்னது இன்னவாறு நடக்கும் என்று முதலில் எழுதி உடன்படுவோம், அதன் பின்னரே செய்நிரலைப் பொதுவிற் சேர்ப்போம்" என்னும் முறை நன்றா? பின்னையதே நன்று என்பது எமது துணிபு. அதனை நிறுவுவதற்கு மெய்நிகர் சாதனங்களின் வரலாற்றைச் சான்றாகக் கொள்கின்றோம்.

மெய்நிகர் சாதனம் என்பது யாது?

ஒரு பெரிய கணனிக்குள்ளே பல சிறிய கணனிகள் தனித்தனியே இயங்குவன போலச் செய்யும் வித்தை ஒன்றுண்டு. அச்சிறு கணனிகளுக்கு இரும்பும் இல்லை, கம்பியும் இல்லை. எல்லாம் செய்நிரலால் ஆனவையே. அவற்றை மெய்நிகர் கணனிகள் என்பர். இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. ஐ.பி.எம். கம்பனியார் 1972 ஆம் ஆண்டிலேயே வி.எம்./370 என்னும் பெயரில் இம்முறையை விற்பனைக்கு அறிவித்தனர். இன்று வங்கிக் கணக்குப் பார்க்கும்போதும், பரீட்சைப் பெறுபேறு பார்க்கும்போதும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசும்போதும், எங்கோ ஒரு மண்டபத்திலுள்ள பெருங் கணனிக்குள் ஒரு மெய்நிகர் கணனி எமக்காக வேலை செய்துகொண்டிருத்தல் பெரிதும் இயல்பு.

இதிலே இடங்கொடுக்கும் பெருங் கணனியை ஓம்பும் கணனி என்றும், உள்ளே தங்கும் சிறு கணனியை விருந்தினர் கணனி என்றும் வழங்குவர். விருந்தினர் கணனிக்கு வலையமைப்பு வேண்டும். தகவலைச் சேமிக்க வட்டு வேண்டும். மெய்யான வலையமைப்பு அட்டையும் வட்டும் அதற்கு இல்லை. ஆகவே ஓம்பும் கணனி, "இதோ உன் அட்டை, இதோ உன் வட்டு" என்று செய்நிரலாற் பாவனை செய்து கொடுக்கின்றது. இதுவே மெய்நிகர் சாதனம். அதனோடு பேசுவதற்கு விருந்தினரின் பணிசெயல் முறைமைக்குள் ஒரு செய்நிரல் வேண்டும். அதனை டிரைவர் என்பர். நாம் இயக்கி என்போம்.

ஆக, இங்கே இரு தரப்பார் உளர். சாதனத்தைப் பாவனை செய்பவர் ஒருவர். இயக்கியை எழுதுபவர் மற்றொருவர். இருவரும் ஒருவரையொருவர் கண்டிராதவராய், வெவ்வேறு நாட்டினராய், பத்தாண்டு இடைவெளியிற் பணி செய்தவராயும் இருக்கலாம். இவ்விருவருக்கும் நடுவே நிற்கும் உடன்படிக்கை எது என்பதே எமது பேச்சின் உயிர்நிலை.

மெய்யான இரும்புச் சாதனமாயின், அதை வாங்கி மேசையில் வைத்து, அளந்தும் சோதித்தும் அதன் இயல்பை அறியலாம். மெய்நிகர் சாதனத்துக்கோ உடலே இல்லை. அதற்கு உடலாய் இருப்பது சொல் ஒன்றே. அச்சொல்லும் எழுதப்படாவிடின், சாதனம் என்று சுட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. முதலில் எழுதியவரின் செய்நிரலில் அன்று தற்செயலாக நிகழ்ந்தது எதுவோ, அதுவே சாதனம் என்றாகிவிடும்.

விர்ட்டியோ பிறந்த கதை

தொடக்கத்தில், பழைய மெய்யான அட்டைகளையே அச்சொட்டாகப் பாவனை செய்து வந்தனர். அதனால் விருந்தினர் தமது பழைய இயக்கியைக் கொண்டே வேலை செய்யக்கூடியதாயிருந்தது. ஆனால் அது மெத்தனமானது. இரும்புக்கென்று வகுத்த ஒவ்வொரு சிறு சைகைக்கும் விருந்தினரை நிறுத்தி, ஓம்புநர் குறுக்கிட்டுப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனவே, "நாம் மெய்நிகர் சாதனம் என்பதை ஒளிக்க வேண்டா, வெளிப்படையாகவே பேசி விரைவாக வேலை செய்வோம்" என்னும் எண்ணம் பிறந்தது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தமக்கெனத் தனித்தனிச் சாதனங்களை வகுத்துக்கொண்டனர். லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை அக்காலத்தில் எட்டுக்குக் குறையாத மெய்நிகர் முறைகளைத் தாங்கி நின்றது. ஒவ்வொன்றுக்கும் தனி வலையமைப்பு இயக்கி, தனி வட்டு இயக்கி என்றால் யார் அவற்றைப் பேணுவது?

இந்நிலையில் அவுஸ்திரேலியரான றஸ்டி றசல் என்பவர் விர்ட்டியோ என்னும் பொது முறையை வகுத்தார். அதன் இயக்கிகள் 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 இற் சேர்ந்தன. அதே ஆண்டில் அவர் அதுபற்றி ஓர் ஆய்வுரையும் வெளியிட்டார். கருத்து எளிமையானது: நினைவகத்திலே சில வரிசைப் பட்டியல்கள். "இன்ன முகவரியில், இத்தனை பைற்று நீளத்தில் தகவல் வைத்துள்ளேன்" என்று இயக்கி ஒரு பட்டியலில் எழுதும். "இதனை முடித்துவிட்டேன்" என்று சாதனம் மற்றொன்றில் எழுதும். வலையமைப்புக்கும் வட்டுக்கும் இவ்வமைப்பு ஒன்றே போதும்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. செய்நிரல் முதலிற் சேர்ந்தது. விவரக்கூற்று அதன் பின்னரே வந்தது. றசல் அவர்கள் தாமே ஒரு வரைவை எழுதித் திருத்தி வந்தார், 0.9.5 என்னும் எண்ணுடைய வரைவே பலகாலம் கைந்நூலாய் இருந்தது. 2013 ஆம் ஆண்டில் ஒயாசிஸ் என்னும் நியம அமைப்பின்கீழ் இதற்கென ஒரு குழு கூடியது. அக்குழுவின் உழைப்பால் 1.0 ஆம் பதிப்பு உருவாகி, அதன் நான்காம் திருத்தம் 2016 மார்ச்சில் வெளியாயிற்று; 1.1 ஆம் பதிப்பு 2019 ஏப்ரலிலும், 1.2 ஆம் பதிப்பு 2022 ஜூலையிலும் வெளிவந்தன. இப்பதிப்புகளைப் படிப்போர் ஒன்றைக் காண்பர். முன்னைய பழக்கம் இவ்வாறிருந்தது, அதனோடு ஒத்துப்போக விரும்புவோர் இவ்விவ்வாறு செய்க என்று, "பழைய இடைமுகம்" என்னும் தலைப்பிலே தனிப் பகுதிகள் இடையிடையே வருகின்றன. எழுதாமற் சேர்த்ததற்கு இறுத்த வட்டி அப்பகுதிகளே.

அவ்வட்டி எத்தகையது?

சில உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, எண்ணை எழுதும் திசை. "5-4" என்று ஒருவர் திகதி எழுதினால், அது சித்திரையில் ஐந்தாம் நாளா, வைகாசியில் நான்காம் நாளா என்பது எழுதியவரின் நாட்டு வழக்கைப் பொறுத்தது. கணனிகளிலும் அவ்வாறே. ஒரு பெரிய எண்ணைப் பல பைற்றுகளிற் பிரித்து வைக்கும்போது, சிறிய பகுதியை முன் வைப்பன சில, பெரிய பகுதியை முன் வைப்பன சில. பழைய விர்ட்டியோவில், விருந்தினர் கணனியின் வழக்கு எதுவோ அதுவே வழக்கு என்றிருந்தது. ஓம்புநரும் விருந்தினரும் ஒரே இனத்தவராய் இருந்த காலத்தில் இது எவருக்கும் உறுத்தவில்லை. பின்னர், ஒரே செயலி இரண்டு வழக்கிலும் இயங்கவல்ல பவர், ஆம் முதலிய இனங்களில் இம்முறை பரவியபோது, உள்ளே தங்கியிருக்கும் விருந்தினர் எவ்வழக்கினர் என்று ஓம்புநர் ஊகித்து அறிய வேண்டியதாயிற்று. 1.0 ஆம் பதிப்பு, சிறிய பகுதியே என்றும் முன்னே என்று ஒரே வரியில் தீர்த்தது. அவ்வொரு வரியை முதல்நாளிலேயே எழுதுவதற்கு அரை மணி நேரமும் சென்றிராது.

இரண்டாவது, வலையமைப்புச் சாதனத்தின் தலைப்புத் துண்டு. ஒவ்வொரு பொதிக்கும் முன்னே ஒரு சிறு தலைப்பு வைக்கப்படும். பழைய முறையில் அதன் நீளம் சிலவேளை 10 பைற்று, சிலவேளை 12 பைற்று. ஒரு குறித்த வசதிக்கு இரு தரப்பாரும் உடன்பட்டனரா இல்லையா என்பதைப் பொறுத்தது. 1.0 ஆம் பதிப்பில் என்றும் 12.

மூன்றாவது, பலூன் என்னும் சாதனம். விருந்தினரிடமிருந்து நினைவகத்தை மீளப்பெறுவதற்கு இது உதவும். மேற்சொன்ன பழைய விதிப்படி இதிலுள்ள எண்களும் விருந்தினர் வழக்கில் இருந்திருத்தல் வேண்டும். ஆனால் இதன் அமைவு எண்கள் மட்டும் என்றும் சிறிய பகுதியை முன்கொண்டன. விவரக்கூற்று இதனை ஒரு விலக்காகக் குறித்து வைக்கின்றது. விருந்தினர் எந்த அளவிலே நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்தாலும், இச்சாதனத்துக்கு ஒரு பக்கம் என்பது 4096 பைற்றே. வரலாற்றுக் காரணத்தால் அவ்வாறு என்று விவரக்கூற்றே கூறுகின்றது. "வரலாற்றுக் காரணம்" என்னும் தொடரைத் தொழில்நுட்ப நூலிற் காணுமிடத்து, அங்கே ஒருகாலத்தில் எழுதப்படாத ஒன்று இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இவையெல்லாம் சின்னஞ்சிறு விடயங்கள் அன்றோ எனலாம். சின்னஞ்சிறியவையே, ஆயினும் பொதுவிற் சேர்ந்தபின் அவற்றை மாற்றுதல் எளிதன்று. லினக்ஸிற் சேர்ந்த இயக்கி அடுத்த மாதமே உலகெங்கும் செல்லும். அங்கே நிறுவப்பட்ட விருந்தினர் கணனிகள் ஆண்டுக்கணக்காகத் திருத்தப்படாமல் ஓடும். இன்று சாதனத்தை மாற்றினால் நாளை எங்கோ ஒரு வைத்தியசாலையின் பழைய கணனி விழிக்க மறுக்கும். ஆகவே இணைத்தல் என்பது வெறும் சேமிப்பு அன்று. ஊரறியக் கொடுத்த வாக்கு. வாக்குக் கொடுத்தபின் வாக்கின் பொருள் யாது என்று தேடலாமா?

காணி உறுதி தரும் பாடம்

பெரியோர்களுக்குப் பழக்கமான ஒன்றைக் கூறுவோம். எமது ஊர்களிற் காணி உறுதி எழுதும்போது, எல்லைகளை எழுதுவதோடு அமைவதில்லை. கிணற்றிலே பங்கு எத்தனை, அதற்குச் செல்லும் வழி எது, வாய்க்காற் பாத்தியதை யாருக்கு என்பவற்றையும் எழுதுவர். எழுதும் நாளில் அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாகவே இருப்பர். "எங்களுக்குள் எதற்கு எழுத்து?" என்று சொல்லவும் கூடும். ஆனால் உறுதி அண்ணனுக்கும் தம்பிக்கும் உரியதன்று. ஒருவரையொருவர் அறியாது வளரப்போகும் பேரப்பிள்ளைகளுக்கும், நாளைக்கு அக்காணியை வாங்கப்போகும் அயலாருக்கும் உரியது. பங்குக் கிணற்றுக்கு வழி எழுதாமல் விட்டு, இரண்டு தலைமுறைக்குப் பின் வழக்காடி, காணியின் பெறுமதிக்கு மேற் செலவழித்த குடும்பங்களைப் பற்றிப் பெரியோர் கேட்டிருப்பீர்கள்.

மெய்நிகர் சாதனத்துக்கும் அதன் இயக்கிக்கும் நடுவேயுள்ளது பங்குக் கிணறே. இரண்டையும் ஒரே கம்பனியில், ஒரே மேசையில் இருந்து எழுதும் இரு நண்பருக்கு எழுத்துத் தேவையில்லைப் போலத் தோன்றும். சேர்ந்தபின் வருபவர்களுக்கோ அவ்வெழுத்தே வழி.

பழைய கணனிகள் கற்பித்தது

இவ்வுண்மையை மெய்நிகர் சாதனங்களுக்கு முன்னரே கணனித் தொழிலார் கண்டுகொண்டனர். ஐ.பி.எம். 1401 என்னும் கணனி 1959 இல் அறிவிக்கப்பட்டது. அக்கம்பனியார் 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 என்னும் புதிய குடும்பத்தை அறிவித்தபோது, பழைய 1401 இன் செய்நிரல்கள் புதியதிலும் ஓடுமாறு பாவனை செய்ய வேண்டியிருந்தது. செய்யப் புகுந்தபோது, முறையற்றவை என்று கருதப்பட்ட கட்டளைகளைக் கொடுத்தால் பழைய பொறியிலே தற்செயலாக நிகழ்ந்த விநோத விளைவுகள் முப்பதை மக்கள் பரவலாகப் பயன்படுத்தி வந்தனர் என்பது தெரியவந்தது. அவற்றையும் பொறியின் இலக்கணமாகவே ஏற்க வேண்டியதாயிற்று. சிஸ்டம்/360 ஆக்கத்துக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்ஸ் இதனைத் தமது 1975 ஆம் ஆண்டு நூலிற் பதிவு செய்துள்ளார். செய்த பொருளையே அதன் வரைவிலக்கணமாகக் கொண்டால், வேண்டியதும் வேண்டாததும் ஒருங்கே சட்டமாகும் என்பது அதனாற் பெறப்படும் பாடம்.

சிஸ்டம்/360 இலோ, பொறி எவ்வாறு தோன்றும் என்பதை ஒரு நூலாகவும், அது உள்ளே எவ்வாறு செய்யப்படும் என்பதை வேறாகவும் பிரித்தனர். சிறியதும் பெரியதுமான பல மாதிரிகள், உள்ளமைப்பில் வேறுபட்டும், ஒரே செய்நிரல்களை ஓட்டின. எழுத்து ஒன்றாயிருந்தமையால் இரும்பு பலவாக முடிந்தது.

நல்ல விவரக்கூற்றின் இலட்சணம்

அரசாங்கக் கேள்விப்பத்திரங்களில் விவரக்கூற்று என்று பல பக்கங்கள் இருக்கும். நீளமாய் இருப்பதனாலேயே அது நல்லதாகிவிடாது. மெய்நிகர் சாதனத்தின் விவரக்கூற்றிலே என்னென்ன இருத்தல் வேண்டும் என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலில் அடையாளம். விர்ட்டியோவில் வலையமைப்புச் சாதனத்துக்கு எண் 1, வட்டுக்கு 2, முனையத்துக்கு 3. எண்ணைத் தாமே எடுத்துக்கொள்ளாது குழுவிடம் கேட்டுப் பெற வேண்டும். இல்லையேல் இருவர் ஒரே எண்ணைச் சூடி, ஒன்றுக்கு எழுதிய இயக்கி மற்றொன்றின் கதவைத் தட்டும்.

இரண்டாவது தகவலின் வடிவம்: ஒவ்வொரு புலமும் எத்தனை பைற்று, எவ்வரிசை, எத்திசை.

மூன்றாவது விழித்தெழும் ஒழுங்கு. சாதனத்தை முதலில் மீளமைக்க வேண்டும். பின், "கண்டேன்" என்றும், "இதை இயக்க அறிவேன்" என்றும் இயக்கி குறிக்க வேண்டும். சாதனம் தரும் வசதிகளைப் படித்துத் தான் அறிந்தவற்றை மட்டும் ஏற்க வேண்டும். அவ்வுடன்பாட்டைச் சாதனம் ஒப்பியதா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். வரிசைகளை அமைத்த பின்னரே "ஆயத்தம்" என்று சொல்ல வேண்டும். வசதி உடன்பாட்டைத் திரும்பப் பார்க்கும் படி 1.0 ஆம் பதிப்பிலேதான் சேர்ந்தது. அதற்கு முன் உடன்பாடு ஏற்கப்பட்டதா என்று கேட்டறியும் இடமே இருக்கவில்லை.

நான்காவது, கடமைகளை இருபாலாருக்கும் வேறுவேறாக எழுதுதல். விர்ட்டியோ விவரக்கூற்றிலே "இயக்கிக்குரிய விதிகள்", "சாதனத்துக்குரிய விதிகள்" என்று தனித்தனித் தலைப்புகள் உள்ளன. கட்டாயம் செய்ய வேண்டியது, செய்வது நலம், செய்தாலுஞ் செய்யலாம் என்னும் மூன்று தரங்களுக்கு மூன்று குறித்த சொற்களையே ஆள்வர். இவ்வழக்கு 1997 இல் இணைய நியமத்தார் எழுதி வைத்த ஒரு சிறு குறிப்பிலிருந்து வந்தது. "பொதுவாக", "வழமைபோல" என்னும் சொற்களுக்கு அங்கே இடமில்லை.

ஐந்தாவது, தவறு நேர்ந்தால் செய்வது யாது என்பது. பலரும் விட்டுவிடும் பகுதி இதுவே. நேரான பாதையை எழுதுவார். முறைதவறிய கட்டளை வந்தால் என்ன செய்வது என்று எழுதார். 2015 மே மாதத்தில் வெனம் என்று பெயரிடப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறைபாடு வெளியாயிற்று. எவரும் பயன்படுத்தாத நெகிழ்வட்டுக் கருவியைப் பாவனை செய்யும் செய்நிரலில் 2004 முதல் அக்குறை மறைந்திருந்தது. முறைதவறிய கட்டளைகளால் விருந்தினர் சுவரைத் துளைத்து ஓம்புநரின் வீட்டுக்குள்ளே புகக்கூடிய நிலை அது. அங்கே குறை செய்நிரலினதே. விவரக்கூற்று மட்டும் அதனைத் தடுத்திருக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். மெய்நிகர் சாதனத்தில் நேரும் பிழை மெய்நிகராய் முடிவதில்லை என்பதற்கே அதனைக் கூறினோம்.

ஆறாவது, எதிர்காலத்துக்கு ஒரு கதவு. இன்று பயன்படாத இடங்களை வெறுமையாக வைத்தல், புதிய வசதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பிற்று ஒதுக்கிக் கேட்டுப் பெறுதல் என்பன. இவ்வொழுங்கு இருந்தமையாலேயே 1.1 ஆம் பதிப்பிலே வரிசைப் பட்டியலுக்கு முற்றிலும் புதியதொரு செறிந்த வடிவம் சேர்ந்தபோதும், பழையவை நின்றுவிடவில்லை.

இலக்கியம் முந்தியதா, இலக்கணம் முந்தியதா?

இங்கே ஒரு தடை எழும். இளைஞர் கேட்பர்: "இலக்கியம் தோன்றிய பின்னரன்றோ இலக்கணம் தோன்றுவது எமது மரபு? செய்து பாராமல் எழுதினால் அது ஏட்டுச் சுரைக்காய் ஆகாதா? குழு கூடி, வரைவு எழுதி, வாக்கெடுத்து முடிப்பதற்குள் அடுத்த கம்பனி முந்திவிடாதா?" இத்தடை வலியது; தட்டிக் கழிக்கத் தக்கதன்று.

இதற்கு விடை: செய்யாமல் எழுதுக என்று நாம் கூறவில்லை, எழுதாமற் சேர்க்கற்க என்றே கூறுகின்றோம். செய்து பாருங்கள், உடைத்துப் பாருங்கள், உங்கள் கணனியில் நூறு முறை மாற்றுங்கள். வரைவும் செய்நிரலும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒருங்கே வளரட்டும். ஆனால் பொதுவிற் சேர்க்கும் நாளில், உடன்பட்ட எழுத்து முன்னே நிற்க வேண்டும். அச்சிட்ட பதிப்பு வெளிவரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பதிப்புகளுக்கிடையே மூன்றாண்டு செல்லும் என்று மேலே கண்டோம். குழுவிலே ஆராய்ந்து ஏற்ற வாசகம் இருந்தாற் போதும்.

ஐ2சி என்னும் சிறு இணைப்புச் சாதனத்தை உதாரணமாகக் கூறலாம். இதன் மெய்நிகர் வடிவத்துக்குரிய இயக்கி 2021 இல் லினக்ஸ் 5.15 இற் சேர்ந்தது. அதற்குரிய வாசகமும் அக்காலத்தே குழுவின் கையில் இருந்தது. பின்னர் ஒரு குறை தெரியவந்தது. தகவல் ஏதுமின்றி, நீளம் பூச்சியமாக அனுப்பும் வேண்டுகோளை அவ்வாசகம் செம்மையாகக் கூறவில்லை. உடனே செய்தது யாது? இயக்கியிலே இரகசியமாக ஓர் ஒட்டுப்போடவில்லை. விவரக்கூற்றைத் திருத்தி, அதற்கென ஒரு வசதிப் பிற்றை ஒதுக்கி, இயக்கியையும் அதற்கேற்ப மாற்றினர். திருத்திய வாசகமே 2022 இன் 1.2 ஆம் பதிப்பில் உள்ளது. இதனால், எழுதியது குறையற்றது என்பது பெறப்படவில்லை. எழுதியிருந்தமையாற் குறை எங்கே என்று சுட்ட முடிந்தது என்பதே பெறப்படுகின்றது. எழுதாத இடத்திற் குறை யாருடையது என்று வாதாடுவதிலேயே காலம் கழியும்.

மறுபுறத்தில், எழுத்து மட்டும் போதும் என்பாருக்கும் ஒரு வார்த்தை. விர்ட்டியோவிலே தகவலை எத்தனை துண்டாகவும் வைக்கலாம், சாதனம் துண்டுகளின் அமைப்பை நம்பியிருத்தல் கூடாது என்பதே கொள்கை. ஆயினும் முதல் இயக்கிகள் எல்லாம் ஒரேவகை எளிய அமைப்பையே கையாண்டமையால், சாதனங்கள் அதனையே நம்பத் தலைப்பட்டன. எழுத்து அவ்வாறு கூறவில்லை என்று விவரக்கூற்றே வருந்திக் குறிப்பிடுகின்றது. ஆதலின் எழுதியபின் சோதிக்கவும் வேண்டும். சிறந்த சோதனை ஒன்றுண்டு: செய்நிரலைப் பாராத ஒருவரிடம் விவரக்கூற்றை மட்டும் கொடுத்து மறுபக்கத்தை எழுதச் செய்தல். இணைய நியமத்தார் 1996 ஆம் ஆண்டு விதிகளிலே, ஒரு நியமம் அடுத்த படிக்கு உயர்வதற்குத் தனித்தனியே எழுதப்பட்டு ஒன்றோடொன்று ஒத்து இயங்கும் ஆக்கங்கள் இரண்டேனும் இருத்தல் வேண்டும் என்று வகுத்தது இக்காரணம் பற்றியே.

எழுத்து யாருக்கு?

இனி, எமக்கு மிக முக்கியமானதைக் கூறுவோம். விவரக்கூற்றினாற் பயன்பெறுபவர் யார்? எழுதியவர் அல்லர், அவருக்கு எல்லாம் நினைவிருக்கும். அவரது பக்கத்து மேசைக்காரரும் அல்லர். அவர் வாயாற் கேட்டுக்கொள்வார். பயன்பெறுபவர் அங்கே இல்லாதவர்.

பிறீபிஎஸ்டி என்னும் பணிசெயல் முறைமையார் 2014 ஜனவரியில் வெளியிட்ட 10.0 ஆம் பதிப்பிலே பீஹைவ் என்னும் தமது ஓம்பு முறையைச் சேர்த்து, விர்ட்டியோச் சாதனங்களையே அதில் வழங்கினர். அமேசன் கம்பனியார் 2018 நவம்பரிற் பொதுவில் வெளியிட்ட பயர்கிறாக்கர், முற்றிலும் வேறான றஸ்ட் என்னும் மொழியில் எழுதப்பட்டது. அதன் வலையமைப்பும் வட்டும் விர்ட்டியோவே. பின்னாளில் மெய்யான இரும்பு அட்டைகளும் விர்ட்டியோ மொழியிற் பேசத் தொடங்கின. அதற்குத் துணையான அமைப்பு 2020 இல் லினக்ஸ் 5.7 இற் சேர்ந்தது. மெய்யைப் பார்த்துப் பாவனை செய்யத் தொடங்கிய தொழிலில், பாவனையைப் பார்த்து மெய்யைச் செய்யும் நிலை வந்துவிட்டது! சிலிக்கனிற் செதுக்கியதை அடுத்த நாள் திருத்த முடியுமா? அங்கே எழுத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் விலையுண்டு.

இனி எமது இளைஞரைப் பாருங்கள். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ இருந்து கற்கும் ஓர் இளைஞன், அல்லது ஒரு பெண்பிள்ளை, பெரிய கம்பனிகளின் மண்டபங்களுக்குள் நுழைந்து, "இது ஏன் இவ்வாறு?" என்று கேட்க முடியாது. ஆனால் விர்ட்டியோ விவரக்கூற்றை எவரும் காசின்றிப் பெற்றுப் படிக்கலாம். ஒரு பழைய மடிக்கணனியும், பொறுமையும், அந்நூலும் இருந்தால், உலகின் எந்தப் பொறியியலாளரோடும் சமமாக நின்று ஓர் இயக்கியையோ சாதனத்தையோ எழுதலாம். எழுதப்படாத அறிவு அறிமுகம் உள்ளவருக்கே கிட்டும். எழுதப்பட்ட அறிவு முயற்சி உள்ளவருக்கெல்லாம் கிட்டும். ஆகவே, "பிறகு எழுதுவோம்" என்பது சோம்பல் மட்டும் அன்று. வாசலிலே நிற்பவரைப் பாராது கதவைச் சாத்துதலும் ஆகும்.

இளைஞர்க்குச் சில வார்த்தைகள்

நீங்கள் தொழிலில் இருக்குமிடத்து, "இன்றே சேர்த்துவிடு, ஆவணம் அடுத்த மாதம்" என்று மேலாளர் சொல்லக்கூடும். அடுத்த மாதம் வேறொரு வேலை வரும். பணிவோடு, ஆனால் உறுதியோடு, "இரண்டு பக்கமேனும் எழுதிவிட்டுச் சேர்ப்போம்" என்று சொல்லப் பழகுங்கள். அவ்விரண்டு பக்கத்தை எழுத அமரும்போதே, நீங்கள் எண்ணிப் பாராத மூன்று வினாக்களாவது எழும். அவற்றை அன்றே தீர்ப்பது மலிவு. பிறர் செய்நிரலை நீங்கள் ஆராய நேருமிடத்து, முதலில் "இதன் விவரக்கூற்று எங்கே?" என்று கேளுங்கள். கேட்பதிற் குறையில்லை. விவரக்கூற்றும் செய்நிரலும் மாறுபடுமிடத்து, எது பிழை என்று கூடிப் பேசித் தீர்த்து, இரண்டையும் ஒருங்கே திருத்துங்கள். ஒன்றை மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர்கள்.

பெரியோர்களே, எமது முன்னோர் கோயிற் காணிக்கும் குளத்து நீருக்கும் கல்லிலே எழுதி வைத்தனர். எழுதியவர் மறைந்தனர், எழுத்து நின்று, பின் வந்தோருக்கு நியாயம் சொல்லிற்று. எமது இளைஞர் கையாளும் பொருள் கல்லன்று, கண்ணுக்கும் தெரியாதது. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு எழுத்து இன்னும் மிகுதியாக வேண்டும். வாக்கை முன்னே எழுதி, பின்னே செய்து, எழுதியபடி நிற்கும் ஒழுக்கம் உடையோராய் எமது இளைஞர் இத்தொழிலிலே நற்பெயர் எடுத்தல் வேண்டும் என்பதே எமது விருப்பம்.